15,000 ரூபா பூஸ்ட், 2,300 லைக், நாலு ஓடர்: எங்க பிழைச்சது?

முதல்ல உங்கட கேள்வியை நான் விளங்கின மாதிரிச் சொல்லிப் பாக்கிறன், பிழையெண்டால் திருத்துங்கோ தங்கச்சி. சுன்னாகத்தில வீட்டில வச்சு அம்மாவும் நீங்களுமா வறுத்துத் திரிச்ச மிளகாய்த்தூள், ஒடியல் மா, எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை எல்லாம் செய்து விக்கிறியள். ரெண்டு மாசத்தில பேஸ்புக்கில பூஸ்ட் பண்ணியே, அதாவது காசு கட்டிப் போஸ்டைக் கனபேருக்குக் காட்டியே, 15,000 ரூபா போயிட்டுது, 2,300 லைக் வந்தது, ஓடர் வந்தது நாலே நாலு, அதிலயும் ஒண்டு உங்கட மச்சாள். இப்ப ஒரு கொம்பனி மாசம் 35,000 தாங்கோ, வெப்சைட்டும் செய்து எல்லாத்தையும் நாங்களே பாக்கிறம் எண்டு நிக்குது, குடுக்கலாமோ எண்டு கேட்டிருக்கிறியள். அந்த 35,000 பற்றிக் கடைசியில வாறன், ஏனெண்டால் போன 15,000 ஏன் ஓடரா மாறேல்லை எண்டு தெரியாமல் அடுத்த காசைப் பற்றிக் கதைச்சு வேலையில்லை. நான் இஞ்ச யாழ்ப்பாணத்துக் கடையளுக்கு இந்த விளம்பர வேலையைத்தான் கன வருசமாச் செய்யிறன், ஆனா உங்கட கணக்குக் கொப்பியை நான் பாக்கேல்லை, அதால கீழ வாற லாபக் கணக்கெல்லாம் ஒரு உதாரணத்துக்குத்தான், உங்கட எண்ணை நீங்கள்தான் போட்டுப் பாக்கவேணும்.

பேஸ்புக் உங்களை ஏமாத்தேல்லை, சொன்னதைச் செய்திருக்கு. பூஸ்ட் பட்டனை அமத்தினவுடன என்ன பலன் வேணும் எண்டு ஒரு இடத்தில கேக்கும், கனபேர் அதைப் பாக்காமலே அடுத்ததுக்குப் போயிடுவினம். நீங்கள் போட்ட ஸ்கிரீன்ஷொட்டில அது எங்கேஜ்மென்ட் எண்டு இருக்கு, அதாவது லைக்கும் கொமென்ட்டும் வேணும் எண்டு கேட்டிருக்கிறியள். அப்பிடிக் கேட்டா பேஸ்புக் தன்னட்டை இருக்கிற கணக்கை வச்சு ஆர் ஆர் எதைக் கண்டாலும் லைக் போடுவினமோ அவையளைத் தேடிப் பிடிச்சுக் காட்டும், அந்த ஆக்களும் தூள் வாங்கிற ஆக்களும் ஒரே ஆக்களா இருக்கவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. அதே ஸ்கிரீன்ஷொட்டில இடம் எண்ட கட்டத்தில இலங்கை, இந்தியா எண்டு ரெண்டும் கிடக்கு. இந்தியாவில சனம் கன மடங்கு கூட, அதால காசு அந்தப் பக்கம் சரிஞ்சு ஓடியிருக்கும். உங்கட 2,300 லைக்கில பெரும்பகுதி தமிழ்நாட்டிலயிருந்து வந்திருக்கும் எண்டு நினைக்கிறன், இது என்ர ஊகம், ஆனா நீங்கள் நிச்சயப்படுத்தலாம்: அட்ஸ் மனேஜரை, அதாவது பேஸ்புக்கில விளம்பரங்களை நடத்திற பக்கத்தை, திறந்து பிரேக்டவுண் எண்டதில நாட்டு வாரியாப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, ரெண்டு நிமிசத்து வேலை. மதுரையில இருக்கிற ஒரு ஆள் உங்கட எள்ளுப்பாகுப் படத்தைக் கண்டு ஆசைப்பட்டு லைக் போட்டதில பிழையில்லை, அவருக்குச் சுன்னாகத்திலயிருந்து பார்சல் போகாது, அவ்வளவுதான்.

அடுத்தது நீங்கள் பூஸ்ட் பண்ணின அந்தப் போஸ்டர். கோவிக்காதேங்கோ, கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்பம். சுத்திவரப் பூக்கொடி போட்ட ஒரு டிசைன், நாலு சாமானும் ஒரே படத்தில, அதுவும் ரெண்டு படம் வேற ஆரின்ரையோ, கூகிளில எடுத்தது எண்டு பாத்தவுடன தெரியுது, அந்த வடையில முழுக் கடலை கிடக்கு, அது பருத்தித்துறை வடையே இல்லை. போன் நம்பர் படத்துக்குள்ள எழுதியிருக்கு, அதைத் தொட்டு அழைக்கவும் ஏலாது, லேசில கொப்பி பண்ணவும் ஏலாது, பாக்கிற ஆள் ஒரு துண்டில எழுதி வச்சுப் பேந்து அடிக்கவேணும், ஆர் செய்வினம்? எந்த ஊர் எண்டும் இல்லை. எல்லாத்திலயும் பெரிய வில்லங்கம் விலை இல்லாதது. கீழ ஒரு அக்கா "கிலோ என்ன விலை" எண்டு கேட்டதுக்கு நீங்கள் "இன்பொக்ஸ் பண்ணுங்கோ" எண்டு அடுத்த நாள் மத்தியானம் பதில் போட்டிருக்கிறியள். இஞ்சத்தைப் பேஜ்காரர் எல்லாருக்கும் இருக்கிற வருத்தம் இது, பக்கத்துக் கடைக்காரன் பாத்து விலையைக் குறைச்சுப்போடுவான் எண்டு பயம். அவன் எப்பிடியும் ஆரையும் விட்டுக் கேட்டு அறிஞ்சிடுவான் தங்கச்சி, விலை தெரியாமல் போறது வாங்க வந்த ஆளுக்கு மட்டும்தான். அந்த அக்கா அந்த நேரத்துக்குள்ள வேற எங்கயாவது வாங்கியிருப்பா.

இப்பக் கணக்குக்கு வருவம். ஒரு கிலோத் தூளில செலவெல்லாம் போக 400 ரூபா மிஞ்சுது எண்டு வையுங்கோ. 15,000 ரூபாவை எடுக்கவே 38 கிலோ விக்கவேணும், அதுக்குப் பிறகுதான் அம்மாவின்ர கைக்கூலி. வந்த நாலு ஓடருக்குப் பிரிச்சா ஒரு ஓடரைப் பிடிக்க 3,750 ரூபா செலவழிச்சிருக்கிறியள், அதால இனி விளம்பரமே வேண்டாம் எண்டு நினைக்கத் தோன்றும். ஆனா தூள் எண்டது ஒருக்கா வாங்கிப்போட்டு விடுற சாமான் இல்லையே. ஒரு வீட்டில ரெண்டு மாசத்துக்கு ஒரு கிலோ முடியும் எண்டால் வருசத்துக்கு ஆறு தரம், அப்ப அந்த ஒரு வீடு உங்களுக்கு வருசம் 2,400 ரூபா. அந்த வீட்டைப் பிடிக்க 400, 500 ரூபா போனாலும் நட்டமில்லை, திரும்பி வந்தா மட்டும். அதால ஒரு ஓடரில எவ்வளவு லாபம் எண்டதை விட, வாங்கின ஆக்களில எத்தினை பேர் ரெண்டாந்தரம் வாங்கினவை எண்டதுதான் நீங்கள் கொப்பியில எழுதி வைக்கவேண்டிய எண். இதை நீங்கள் கேள்வியில சொல்லவேயில்லை, அந்த மற்ற மூண்டு பேரும் திரும்பி வந்தவையோ?

எங்கட ஆக்களின்ர குணத்தையும் யோசிக்கோணும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தூள் இருக்கு, பெரியம்மாவின்ர கைப்பக்குவம், வறுத்த பதம், மல்லி கூட, சோம்பு குறைய எண்டு ஆயிரம் கதை, ஒரு கிலோவை முன்பின் தெரியாத ஆளிட்டை வாங்கிக் குழம்பைக் கெடுக்க ஆரும் விரும்பமாட்டினம். அதால முதல் விற்பனைக்குக் கிலோவைக் காட்டாதேங்கோ. 100 கிராம் பைக்கற் ஒண்டு போடுங்கோ, அல்லது வடையையும் எள்ளுப்பாகையும் முன்னுக்கு விட்டு அந்தப் பார்சலுக்குள்ள ஒரு சின்னத் தூள் பைக்கற் சும்மா வையுங்கோ. வடை வாயூறி வாங்கிற சாமான், அதுக்கு ஆரும் கனக்க யோசிக்கிறேல்லை. தூள் அப்பிடியில்லை, பிடிக்கிறது கஷ்டம், ஆனா ஒருக்கா பிடிச்சால் அடுத்த வருசமும் உங்களிட்டைத்தான் வருவினம்.

அந்தத் திரும்பி வாறதை நடத்த வட்ஸ்அப் பிஸ்னஸ் எண்ட செயலி காணும், இலவசம், சாதாரண வட்ஸ்அப்பில நிக்கிறியள் எண்டு உங்கட வட்ஸ்அப் புரொபைலைப் பாத்தாலே தெரியுது, இண்டைக்கே மாத்துங்கோ. அதில கற்றலொக் எண்டு ஒரு இடம் இருக்கு, ஒவ்வொரு சாமானையும் படம், நிறை, விலையோட போட்டு வச்சால் கேக்கிற ஆளுக்கு ஒரு லிங்க்கை அனுப்பலாம். குயிக் ரிப்ளை எண்டதில விலைப்பட்டியல், டெலிவரிக் காசு, வங்கிக் கணக்கு மூண்டையும் எழுதி வச்சால் நீங்கள் அடுப்படியில நிண்டாலும் ரெண்டு தட்டில பதில் போகும். லேபிள் போட்டு ஆர் எந்த மாசம் வாங்கினவை எண்டு பிரிச்சு வையுங்கோ, ஆறு கிழமை கழிச்சு "அக்கா, தூள் முடியிற நேரம் வந்திருக்கும், வெள்ளிக்கிழமை வறுக்கிறம், ஒரு கிலோ எடுத்து வைக்கவோ" எண்டு ஒரு மெசேஜ். இந்த ஒரு வரி எந்தப் பூஸ்டையும் விடக் கூடத் தூள் வித்துத் தரும் எண்டதில எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாருக்கும் ஒரேயடியா அனுப்ப புரோட்காஸ்ட் லிஸ்ட் இருக்கு, ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர், ஆனா உங்கட நம்பரைத் தங்கட போனில சேவ் பண்ணி வச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். கனபேருக்கு இது தெரியாமல் அனுப்பிப்போட்டு ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு கவலைப்படுறவை. அதால பார்சலுக்குள்ள ஒரு துண்டில "இந்த நம்பரைச் சேவ் பண்ணி வையுங்கோ, வறுக்கிற நாளுக்கு அறிவிக்கிறம்" எண்டு எழுதி வையுங்கோ. ஆரையும் கேக்காமல் குறூப்பில இழுத்துப் போடுற வேலை மட்டும் வேண்டாம், சனம் புளொக் பண்ணிப்போட்டுப் போயிடும்.

அடுத்தது கூகிள். கூகிள் பிஸ்னஸ் புரொபைல் எண்டது கூகிளிலயும் அதின்ர மப்பிலயும் தேடிற ஆக்களுக்கு உங்கட கடையின்ர விபரத்தைக் காட்டிற பக்கம், முந்திக் கூகிள் மை பிஸ்னஸ் எண்டு இருந்தது, 2021இல பேர் மாத்தினவை, இதுவும் ஒரு சதமும் இல்லை. கூகிள் மப்பில ஆரும் தேடேக்க எது மேல வரும் எண்டதுக்குக் கூகிளே சொல்லுறது மூண்டு விசயம், தேடினதுக்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு தெரிஞ்ச இடம் எண்டது. தூரத்தை மாத்த ஏலாது, மற்ற ரெண்டும் ஓரளவுக்கு உங்கட கையில. வீட்டு விலாசத்தைக் காட்ட அம்மாவுக்குப் பயம் எண்டு எழுதியிருந்தியள், காட்டத் தேவையில்லை, நீங்களே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறபடியா விலாசத்தை மறைச்சு சுன்னாகம், மானிப்பாய், யாழ்ப்பாணம் எண்டு டெலிவரி செய்யிற இடங்களை மட்டும் போடலாம். வெரிபிகேஷனுக்கு இப்ப அநேகமா ஒரு வீடியோ கேப்பினம், ரோட்டு, வீடு, நீங்கள் வேலை செய்யிற இடம், பைக்கற்றில ஒட்டுற லேபிள் எல்லாம் வெட்டாமல் ஒரே வீடியோவில தெரியவேணும். கடைப் பேரோட "யாழ்ப்பாணத்துத் தரமான தூள்" எண்டு வாலைச் சேர்க்காதேங்கோ, அது அவையின்ர விதிக்கு மாறு, புரொபைலை முடக்கவும் கூடும். ரிவியூ கேளுங்கோ, வாங்கின எல்லாரையும் கேளுங்கோ, ஆனா ரிவியூ போட்டா விலைக்கழிவு எண்டு சொல்லக்கூடாது, அதுவும் அவையின்ர விதிக்கு மாறு. இன்னொண்டு, எங்கட ஆக்கள் தமிழில கதைச்சாலும் தேடேக்க ஆங்கில எழுத்திலதான் கனக்கத் தட்டுறவை, அதால சாமானின்ர விபரத்தைத் தமிழிலயும் ஆங்கிலத்திலயும் ரெண்டிலயும் எழுதுங்கோ.

வெளிநாட்டு ஆக்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியோட விட்டிட்டியள், எனக்கெண்டால் உங்கட பெரிய சந்தர்ப்பம் அங்கதான் கிடக்கு. நீங்கள் நினைக்கிற மாதிரி ரொறொன்ரோவுக்குப் பார்சல் அனுப்பிறதைச் சொல்லேல்லை, உணவுச் சாமானை வெளியில அனுப்பிறதுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேற சட்டம், அதுவும் அவுஸ்திரேலியா மிச்சம் கடுமை, அதுக்குள்ள இப்ப இறங்காதேங்கோ. நான் சொல்லுறது காசு அங்கயிருந்து வாறது, சாமான் இஞ்ச போறது. கனடாவில ஸ்காபரோவில இருக்கிற மகள் உரும்பிராயில தனிய இருக்கிற அம்மாவுக்குப் பிறந்தநாளுக்கு எள்ளுப்பாகும் வடையும் ஒரு பெட்டியில அனுப்பவேணும் எண்டு விரும்பிறா, ஆரிட்டைச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. நீங்கள் கொண்டுபோய்க் குடுத்து, அம்மா பெட்டியை வாங்கிற ஒரு போட்டோவை அவவின்ர சம்மதத்தோட மகளுக்கு அனுப்பிப் பாருங்கோ, அந்த மகள் தன்ர சிநேகிதியள் எல்லாருக்கும் சொல்லுவா. அடுத்தது ஆடி, ஆவணியில வாற ஆக்கள், அங்க பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் கிட்டத்தட்ட ஒண்டா வாற காலம், திரும்பிப் போகேக்க சூட்கேசில தூள் இல்லாமல் போற ஆக்கள் குறைவு. அவைக்குக் கசியாத ரெட்டைப் பைக்கற், மேல நிறையும் திகதியும் அச்சடிச்ச லேபிள், பறக்கிறதுக்கு முதல்நாள் வீட்டுக்கு டெலிவரி, இவ்வளவும் சொல்லி ஒரு போஸ்ட் போட்டால் காணும். காசுக்கு வங்கிக் கணக்கு, இல்லாட்டி ஊரில இருக்கிற சொந்தக்காரர் கையில குடுக்கிறது. பணம் போட்ட சிலிப்பைப் படமா அனுப்பினவுடன சாமானைக் குடுக்காதேங்கோ, படத்தைத் திருத்திறது இப்பப் பெரிய வேலையில்லை, வங்கிச் செயலியில காசு விழுந்ததைப் பாத்திட்டுக் குடுங்கோ. கொழும்புக்குக் கூரியரில அனுப்பிக் காசு கையில வாங்கிற முறையிலயும் ஒரு கரைச்சல், வாங்காமல் திருப்பி அனுப்பினால் போன செலவு உங்கட தலையில, புது ஆக்களிட்டைப் பாதியையாவது முதல்ல வாங்குங்கோ.

இதெல்லாம் சரிவந்த பிறகுதான் திரும்ப விளம்பரம். அப்ப பூஸ்ட் வேண்டாம், அட்ஸ் மனேஜரில போய் வட்ஸ்அப் மெசேஜ் வாற மாதிரி ஒரு விளம்பரம், தொட்டவுடன உங்கட வட்ஸ்அப் திறக்கும். இடம் சுன்னாகத்தைச் சுத்தி நீங்கள் டெலிவரி செய்யக்கூடிய தூரம், அவ்வளவுதான். யாழ் மாவட்டம் முழுக்கவே கிட்டத்தட்ட 6 லட்சம் சனம், அதில சின்னப் பிள்ளையளையும் பேஸ்புக் பாவிக்காத ஆக்களையும் கழிச்சால் மிச்சம் கொஞ்சம், அதால ஒரே படத்தை மாசக்கணக்கா ஓடவிட்டால் அதே ஆக்களே திரும்பத் திரும்பப் பாத்துச் சலிச்சுப்போவினம், ரெண்டு கிழமைக்கு ஒருக்கா மாத்துங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும், பேஸ்புக்கின்ர விளம்பரம் ஒழுங்காப் பழகி நிலைக்கிறதுக்கு ஒரு கிழமைக்கு ஏறக்குறைய 50 பலன் வேணும் எண்டு அவையே சொல்லுறவை, நாளுக்கு ஒரு 300 ரூபா போட்டால் நீங்கள் அந்த எண்ணைத் தொடுறது கஷ்டம். அதால பத்து விதமாப் பிரிச்சுச் சோதிக்கிற பெரிய கொம்பனி முறையெல்லாம் உங்களுக்கு உதவாது, ஒரு விளம்பரம், ஒரு சாமான், ஒரு விலை, அவ்வளவோட நில்லுங்கோ. வந்த மெசேஜ் ஒவ்வொண்டுக்கும் எவ்வளவு போச்சு, அதில எத்தினை ஓடரா மாறிச்சு எண்டு ஒரு மாசம் எழுதுங்கோ.

எந்த நேரத்தில போஸ்ட் போடுறது, எத்தினை ஹாஷ்டாக், ரிக்ரொக்கோ இன்ஸ்டாகிராமோ எண்டும் கேட்டிருந்தியள். இதில ஆர் அடிச்சுச் சொன்னாலும் நம்பாதேங்கோ, அந்தக் கொம்பனியளுக்குள்ள இருக்கிற ஆக்களைத் தவிர வெளியில ஒருத்தருக்கும் அது எப்பிடி வேலை செய்யுது எண்டு முழுசாத் தெரியாது, தெரிஞ்சாலும் அடுத்த மாசம் மாத்திப்போடுவினம். என்ர அனுபவத்தில டிசைன் பண்ணின போஸ்டரை விட அம்மா தாச்சியில மிளகாய் வறுக்கிற வீடியோ, தும்மலோட சேத்து, கனக்க ஓடும். தை, மாசியில பனங்கிழங்கைக் கிழிச்சு வெயிலில போட்டு ஒடியலாக்கிறது இருக்கே, அதை ஒரு நிமிசம் எடுத்துப் போடுங்கோ, கூழ் குடிக்க ஏங்கிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கினம். ஆனா எங்கட சனத்துக்கு ஓடின வீடியோ வேற, ஓடர் தந்த வீடியோ வேற, ரெண்டும் எப்பவும் ஒண்டா வாறேல்லை, அதையும் எதிர்பாத்துக்கொண்டே செய்யுங்கோ.

சுகாதாரத்தை விட்டிட்டு மார்க்கெட்டிங் கதைக்க ஏலாது. பிரதேச செயலகத்தில வியாபாரப் பேரைப் பதிஞ்சு, பி.எச்.ஐ. ஐயாவை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, கூப்பிட்டு இடத்தைக் காட்டி, பைக்கற்றில பேர், விலாசம், நிறை, என்னென்ன சேத்தது, செய்த திகதி, முடியிற திகதி, விலை எல்லாம் போடுங்கோ, லேபிள் எப்பிடி இருக்கவேணும், எந்தெந்த மொழியில எண்டதையும் அவரிட்டையே கேளுங்கோ. தூளில கலப்படம் எண்டு சனம் பயப்பிடுற காலம், வறுக்கிறதுக்கு முதல் மிளகாயின்ர காம்பு கிள்ளுற ஒரு போட்டோவும் அந்தப் பதிவுப் பத்திரமும் தாற நம்பிக்கையை "100 வீதம் தரமானது" எண்டு எழுதினது தராது.

இனி அந்த 35,000. வெப்சைட் கெட்டதில்லை, ஆனா உங்களிட்டை இப்ப இருக்கிற நாலு சாமானுக்கும் நாலு ஓடருக்கும் அது தேவையில்லை, கற்றலொக்கும் கூகிளும் அந்த வேலையைச் செய்யும், கொழும்புக் கடைக்காரரும் ஹோட்டல்காரரும் மொத்தமாக் கேக்கத் தொடங்கின பிறகு யோசிக்கலாம். 35,000 எண்டால் மேல சொன்ன கணக்கில மாசம் 88 கிலோ கூட விக்கவேணும், அவ்வளவு வறுக்க அம்மாவுக்கு ஏலுமோ? அவையிட்டை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ, மாசம் 20 போஸ்ட் போடுவம் எண்டு சொல்லுறியள் சரி, எத்தினை வட்ஸ்அப் விசாரணை வரும், அதை எப்பிடிக் காட்டுவியள் எண்டு. ஓடருக்கு உத்தரவாதம் ஆரும் தரேலாது, நானும் தரமாட்டன், ஆனா எதை அளக்கப்போறம் எண்டு சொல்லத் தெரியாத ஆக்களிட்டைக் காசைக் குடுக்காதேங்கோ. ஆரிட்டையாவது எப்பவாவது குடுத்தாலும் பேஜ், விளம்பரக் கணக்கு, டொமெயின் (வெப்சைட்டின்ர விலாசப் பேர்) மூண்டும் உங்கட பேரில, உங்கட ஈமெயிலில இருக்கவேணும், அவைக்கு உள்ள வந்து வேலை செய்யிற அனுமதியை மட்டும் குடுங்கோ, பாஸ்வேர்ட்டைக் குடுக்காதேங்கோ. பிரிஞ்சு வரேக்க பேஜைத் தரமாட்டம் எண்டு நிண்ட கதையள் எனக்கே கனக்கத் தெரியும். பாஸ்வேர்ட்டோட இன்னொரு குறியீட்டையும் கேக்கிற ரெண்டு அடுக்குப் பாதுகாப்பை இண்டைக்கே போட்டு விடுங்கோ, பேஸ்புக் எண்ட பேரில "உங்கட பேஜ் நாளைக்கு நீக்கப்படும், இந்த லிங்க்கை அமத்துங்கோ" எண்டு மெசஞ்சரில வாறது எல்லாம் கள்ளர், தொடாதேங்கோ.

அந்த நாட்டு வாரியான எண்ணையும், ரெண்டாந்தரம் வாங்கினவை எத்தினை பேர் எண்டதையும் எடுத்தால் இஞ்ச கீழ போடுங்கோ, பாத்திட்டு விளம்பரத்துக்கு எவ்வளவு வைக்கலாம் எண்டு சொல்லுறன்.